மத்ராவிலிருந்து ளஃபார் வரை: ஒரு கப்பற் பயணமும் சில பழைய கணக்குகளும்

அரபிக் கடலில் உல்லாசப் பயணக் கப்பல்கள் ஓடுவது பெரும்பாலும் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரைதான். வெயில் தணிந்திருக்கும், கடல் அடங்கியிருக்கும் என்று பயண முகவர்கள் அதற்குக் காரணம் சொல்வார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் கள்ளிக்கோட்டையிலிருந்தும் காயலிலிருந்தும் புறப்பட்ட பாய்மரக் கப்பல்கள் அரபுக் கரையைச் சென்றடைந்ததும் இதே மாதங்களில்தான். அவற்றை வாடைக் காற்று கொண்டு சென்றது. கச்சான் கடுமையாக வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் தென் அரபுத் துறைகள் மூடப்பட்டுவிடும். எந்த மாலுமியும் அக்காலத்தில் கடலில் இறங்கமாட்டான். 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல் பருவத்தைக் குறிப்பது. அதுவே ஐரோப்பியர் வாயில் 'மொன்சூன்' ஆயிற்று. ஆயிரம் குதிரை வலுக் கொண்ட இயந்திரம் வந்த பின்னரும் அட்டவணையை இன்னும் அந்த மவ்ஸிம்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

2019 பெப்ரவரியில் அப்படியொரு கப்பலில் நானும் என் மனைவியும் ஏறினோம். துபாயில் தொழில் செய்யும் மகன் எடுத்துத் தந்த பயணம் அது. "வாப்பா, முப்பது வருஷமா இந்தத் துறைமுகங்களப் பத்தித்தானே படிச்சுக் குடுத்தீங்க. உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒருக்காப் பாத்துட்டு வாங்க" என்றான். துபாயில் தொடங்கி மஸ்கத், ஸலாலா என்று போய்த் துபாய்க்கே திரும்பும் பயணம். எங்களுக்குக் கிடைத்தது யன்னலில்லாத அறை. கடலைப் பார்க்க வேண்டுமானால் மேல்தட்டுக்கு ஏற வேண்டும். துபாயைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை. அதைப் பார்த்து வந்தவர் இல்லாத வீடு நமது ஊர்களில் குறைவு.

நம்மவர் அரபுத் துறைமுகங்களை வெறும் பயணிகளாகப் பார்ப்பதில்லை. அதற்கொரு காரணமுண்டு. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என எழுதியதும், 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பெழுதி நமது அரபு வம்சாவளியை நிலைநாட்ட முயன்றதும் இவ்விதழின் வாசகர்கள் நன்கறிந்தவை. அரசியல் பிரதிநிதித்துவம் கேட்டுப் போராடிய காலத்தில் அந்த மறுப்புத் தேவையாகவே இருந்தது. ஆனால் அது நம்மிடம் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றுள்ளது. அரபுத் துறைமுகம் என்றவுடன் நமது பெருமைக்கு அங்கே என்ன சான்று கிடைக்கும் என்று மட்டும் தேடுகிறோம். துறைமுகம் என்பது கணக்குப் புத்தகம் போன்றது. வரவு எழுதிய பக்கத்தை மட்டும் வாசித்து அதை மூடிவைக்க முடியாது.

மஸ்கத்துக்குச் செல்லும் கப்பல் உண்மையில் அதன் பக்கத்து விரிகுடாவான மத்ராவில்தான் நிற்கிறது. அங்குள்ள சுல்தான் காபூஸ் துறைமுகத்தின் சரக்கு வேலைகள் 2014 இல் வடக்கே ஸொஹாருக்கு மாற்றப்பட்டன. அதன்பின் மத்ரா பயணிகள் கப்பல்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஆதலால் விடியற்காலையில் மேல்தட்டில் நின்று பார்ப்பவருக்குப் பாரந்தூக்கிகள் கண்ணை மறைப்பதில்லை. கருமலைகளும் வெள்ளை வீடுகளும் காவற் கோபுரமும் வரிசையாகத் தெரிகின்றன. கரையிறங்கியதும் எல்லோருடைய நெஞ்சிலும் இலக்கமிட்ட துண்டொன்றை ஒட்டினார்கள். எங்கள் பஸ் பதினான்காம் இலக்கம்.

வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க ஓமானிய இளைஞர். நல்ல ஆங்கிலம் பேசினார். ஜலாலி, மிரானி என்ற இரு கோட்டைகளுக்கும் எதிரே எங்களை நிறுத்தி, போர்த்துக்கேயர் கதையைத் தொடங்கினார். 1507 இல் அல்புகர்க் இந்த நகரை எரித்தான். 1580களில் போர்த்துக்கேயர் இக்கோட்டைகளைப் பலப்படுத்திக் கட்டினர். 1650 இல் இமாம் சுல்தான் பின் ஸைப் அவர்களை வெளியேற்றினார். இதைக் கேட்கும்போது இலங்கையரான எமக்கு வேறொரு கணக்கும் நினைவுக்கு வரும். ஆறு ஆண்டுகள் கழித்து, 1656 இல், கொழும்புக் கோட்டையும் போர்த்துக்கேயரின் கையைவிட்டுப் போனது. ஆனால் அது போய்ச் சேர்ந்தது ஒல்லாந்தரிடம். மஸ்கத் மீண்டும் அந்த மண்ணுக்கே உரியதாயிற்று. அதே கடலில், அதே பத்தாண்டில் நிகழ்ந்த இவ்விரு தோல்விகளையும் நமது பாடநூல்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

அந்த வெற்றியைப் பற்றி ஓமானிய வரலாற்றாசிரியர் இப்னு ருஸைக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிவைத்த கதையொன்றுண்டு. நருத்தம் என்ற வாணிய வணிகனின் மகளைப் போர்த்துக்கேயத் தளபதி வற்புறுத்திக் கேட்டானாம். நருத்தம் இணங்குவதுபோல் காட்டிக்கொண்டு, பழைய தானியத்தையும் வெடிமருந்தையும் மாற்ற வேண்டுமெனச் சொல்லிக் கோட்டையை வெறுமையாக்கிவிட்டு இமாமுக்குச் செய்தி அனுப்பினானாம். கதையின் ஒவ்வொரு வரியும் நடந்ததா என்பது வேறு விடயம். தமது நகரம் மீண்டதில் ஓர் இந்துவுக்குப் பங்குண்டு என்று ஒரு முஸ்லிம் வரலாற்றாசிரியர் தயங்காமல் எழுதிவைத்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

அடுத்து வழிகாட்டி 'சுல்தானா' என்ற கப்பலைப் பற்றிச் சொன்னார். 1840 இல் ஸெய்யித் ஸஈத் பின் சுல்தான் அதனை நியூயோர்க்குக்கு அனுப்பினார். அவருடைய தூதர் அஹ்மத் பின் நுஃமான் அதில் சென்றார். பேரீச்சம்பழம், கோப்பி, கராம்பு, யானைத் தந்தம் என்பன ஏற்றிச் செல்லப்பட்டன. பஸ்ஸிலிருந்த அமெரிக்கர்கள் கைதட்டினார்கள்.

அந்தக் கராம்பைப் பறித்தவர் யார்? இறங்கும் வேளையில் நான் அவரிடம் மெதுவாக இதைக் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தன் உம்மும்மா ஸன்ஸிபாரில் பிறந்தவர் என்றும், 1964 புரட்சியின் பின் அந்தக் குடும்பமும் ஓமானுக்குத் திரும்பிய பலரைப் போலத் திரும்பியது என்றும், வீட்டில் இன்றும் சுவாஹிலி பேசுவதாகவும் சொன்னார். "நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது, உஸ்தாத். கோட்டைக்கு முன்னால் எனக்குத் தரப்படுவது பத்து நிமிடம். அந்தக் கதை அதற்குள் அடங்காது" என்றார்.

அடங்காதுதான். ஆனாலும் சுருக்கமாகவேனும் சொல்லவேண்டும். ஸெய்யித் ஸஈத் 1840 அளவில் தமது இருப்பிடத்தையே ஸன்ஸிபாருக்கு மாற்றியவர். அங்கும் பெம்பாவிலும் கராம்புத் தோட்டங்கள் பெருகியது கிழக்காபிரிக்க உள்நாடுகளிலிருந்து பிடித்துக்கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பால். அவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே மஸ்கத்துக்கும் ஸூருக்கும் கப்பலேற்றப்பட்டனர். பேரீச்சந் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சவும், வளைகுடாவில் முத்துக்குளிக்கவும், வீட்டுப் பணிகளுக்கும் அவர்கள் விற்கப்பட்டார்கள். 1822 ஒப்பந்தம் கிறிஸ்தவர்களுக்கு அடிமைகளை விற்பதை மட்டும் தடுத்தது. 1845 ஒப்பந்தம் ஆபிரிக்காவிலிருந்து அரபுக் கரைக்கு அனுப்புவதைத் தடுத்தது. 1873 இல் மஸ்கத்தின் சுல்தான் துர்க்கியும் ஸன்ஸிபாரின் சுல்தான் பர்கஷும் பிரித்தானியரின் வற்புறுத்தலில் முழுத் தடைக்குக் கையொப்பமிட்டனர். அதன் பின்னரும் ஸூர் துறைக் கப்பல்கள் சில பிரான்சின் கொடியைப் பறக்கவிட்டுச் சோதனையிலிருந்து தப்பின. அந்தக் கொடி விவகாரம் 1905 இல் ஹேக் நடுவர் மன்றம் வரை போனது. ஓமானில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1970 இல். நான் பிறந்ததற்குப் பிந்திய ஆண்டு அது.

பிரித்தானியர் இதில் நீதிமான்களாக மட்டும் நடந்தார்கள் என்பதல்ல. அடிமை வணிகத்தைத் தடுக்கிறோம் என்ற பெயரில் இக்கடல் முழுவதையும் தமது கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். அமெரிக்கச் சந்தைக்கு ஓமானியப் பேரீச்சம்பழம் தேவைப்பட்டதே அந்தத் தோட்டங்களில் ஆபிரிக்க உழைப்பைப் பெருக்கியது என்பதையும் அண்மைக்கால ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். இத்தனையும் உண்மை. ஆயினும் 'அவர்களும் செய்தார்கள்' என்பது பதிலாகாது. பிலால் (ரழி) அவர்களின் வரலாற்றைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். அடிமையை விடுதலை செய்வதைச் செங்குத்தான மேட்டைக் கடப்பதற்கு ஒப்பிடும் வேதத்தை ஓதுகிறோம். அதே நமது கப்பல்களில் பன்னிரண்டு நூற்றாண்டுகளாக ஆட்கள் சரக்காகச் சென்றது பற்றித் தமிழில் நம்மவர் எழுதியது மிகக் கொஞ்சம்.

மத்ரா சூக்கில் சாம்பிராணிப் புகை, வெள்ளிக் கஞ்சர், காஷ்மீர்ச் சால்வை எல்லாம் இருந்தன. கடற்கரை வீதியோரம் மதில் சூழ்ந்த லவாத்தியா குடியிருப்பு இருக்கிறது. சிந்துப் பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து, ஓமானியராகவே ஆகிவிட்ட வணிகச் சமூகம் அது. சூக்கின் ஒடுங்கிய சந்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டு போனதைக் கேட்டு ஒரு பெண் நின்றார். அம்பாறைப் பக்கத்தவர். பிடித்த பிள்ளையின் கையை விடாமலே பேசினார். பிள்ளை அவருடையதல்ல.

"சிலோனா காக்கா?"

"ஓம் மகள், காலி. வந்து எவ்வளவு காலம்?"

"நாலு வருஷமாச்சு. ரெண்டு வருஷத்துக்கு எண்டுதான் வந்த. பாஸ்போட் மெடத்திட்ட."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறெதுவும் பேச நேரமிருக்கவில்லை. சம்பளத்துக்கு வந்த பெண்ணின் நிலையும் சங்கிலியில் வந்தவனின் நிலையும் ஒன்றல்ல. அப்படிச் சொல்வது இருவருக்கும் செய்யும் அநியாயம். ஆனால் இத்துறைமுகத்தில் நம்மவரின் சுவடு எதுவெனக் கேட்டால், பத்தாம் நூற்றாண்டு வணிகனைக் காட்டுவதற்கு முன்னர் அந்தப் பெண்ணைத்தான் நான் காட்டவேண்டியிருக்கிறது.

மஸ்கத்திலிருந்து ஸலாலாவுக்கு ஒரு முழுப் பகலும் இரண்டு இரவும். முதலிரவில் கப்பல் கல்ஹாத்தைக் கடந்தது. இருளில் எதுவும் தெரியவில்லை, தெரிந்தாலும் இடிபாடுதான். ஹோர்முஸ் அரசின் இரண்டாம் தலைநகராக விளங்கிய அந்நகரை 1508 இல் அல்புகர்க் அழித்தான். பீபி மர்யம் என்ற அம்மையாரின் கல்லறை மண்டபம் மட்டும் குவிமாடம் சிதைந்து நிற்கிறது. கடலைப் பார்க்கும் உயரத்தில் அவர் கட்டுவித்த, காஷான் ஓடுகள் பதித்த பள்ளிவாசலை இப்னு பதூதா வியந்து எழுதியிருக்கிறார். 2018 இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தமிழ் முஸ்லிம்களுக்குக் கல்ஹாத் அந்நியமான பெயரல்ல, நாம்தான் மறந்துவிட்டோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியருக்குப் போன குதிரைகள் ஏற்றப்பட்ட துறைகளில் அதுவும் ஒன்று. கிஷ் தீவின் ஜமாலுத்தீன் திபீ அனுப்பிவைக்க, அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் காயலில் இருந்துகொண்டு பெற்றுக்கொள்வார். அவர் பாண்டிய அரசில் உயர்பதவியும் வகித்தார். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கணக்கெழுதுகிறார். அவற்றுள் பெரும்பாலானவை வந்த சில மாதங்களில் செத்துப்போயின என்பதும் பதிவாகியுள்ளது. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? பராமரிக்கத் தெரிந்தவர்களை வணிகர்கள் வேண்டுமென்றே உடன் அனுப்பவில்லை என்கிறார் மார்கோ போலோ. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம். காயல் வணிகத்தைப் பாடும் நமது கட்டுரைகளில் இந்த வரி இடம்பெறுவதில்லை.

இடையில் வந்த பகலில் கப்பலின் அரங்கில் ஒரு சொற்பொழிவு நடந்தது. பேசிய ஐரோப்பியர், 1498 இல் மாலிந்தியிலிருந்து வாஸ்கோ ட காமாவுக்கு இந்தியாவுக்கான வழியைக் காட்டியவர் அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் என்றார். நமது மீலாத் மலர்களிலும் இதே செய்தி வரும். சிலர் பெருமையாக எழுதுவார்கள், சிலர் துரோகமாக எழுதுவார்கள். இரண்டுக்கும் அடிப்படை கிடையாது. ஜுல்பாரில் (இன்றைய ராஸ் அல் கைமா) பிறந்த இப்னு மாஜித் கடலியல் பற்றிய 'கிதாபுல் பவாயித்' நூலை 1490 அளவில் எழுதியவர். நட்சத்திரத்தின் உயரத்தை விரற்கணக்கில் அளந்து கரைகளைக் குறிக்கும் அந்த மரபில் இலங்கையின் கரைகளும் அடங்கும். ட காமாவுக்கு வழிகாட்டியவரைப் போர்த்துக்கேய ஆசிரியர் பாரோஸ் குஜராத்தைச் சேர்ந்த 'மலேமோ கானா' என்கிறார். 'முஅல்லிம்' என்ற சொல்லே அங்கு மலேமோ ஆகியது. இப்னு மாஜிதின் பெயரை இதில் இழுத்துவிட்டவர் மக்காவில் வாழ்ந்து 1582 இல் காலமான குத்புத்தீன் நஹ்ரவாலி. குடிபோதையில் வழியைச் சொல்லிவிட்டார் என்று பழியும் சேர்த்தார். பிரெஞ்சு அறிஞர் ஃபெராண்ட் 1920களில் அதை ஏற்றுக்கொள்ள, உலகமெங்கும் பரவியது. பின்வந்த திப்பெட்ஸ் போன்றோர் அதை மறுத்துவிட்டனர். ஷார்ஜா ஆட்சியாளர் கலாநிதி சுல்தான் அல் காஸிமி இப்பழியைத் துடைக்கவென்றே ஒரு நூல் எழுதினார். எனினும் கப்பல் அரங்கில் பழைய கதையே ஓடுகிறது. குஜராத்தி மாலுமியைவிட, வருந்தி அழும் அரபு மேதை கதைக்குப் பொருத்தமானவர் போலும்.

ஸலாலாவில் கப்பல் நிற்கும் ரைஸூத் துறை கொள்கலன்களின் காடு. பழைய துறை அங்கிருந்து கிழக்கே, நகருக்குள், அல் பலீத் என்ற இடிபாடாகக் கிடக்கிறது. அதுதான் நூல்கள் கூறும் ளஃபார். அந்தப் பெயரே தோபார் என்று மாகாணத்துக்கு நிலைத்துவிட்டது. 2000 இல் சாம்பிராணி நிலத்தின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பெரிய பள்ளிவாசலின் தூண்களின் அடிக்கட்டைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். அந்தக் காயலின் வாயை மணல் மூடிக்கொண்டுவிட்டது.

ஹிஜ்ரி 748 முஹர்ரத்தில், அதாவது 1347 இல், இப்னு பதூதா கள்ளிக்கோட்டையிலிருந்து 28 நாட்களில் இங்கு வந்து சேர்ந்தார். அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்தான் எங்கள் காலியில் இப்ராஹீம் என்ற நாகுதாவின் விருந்தினராக இருந்துவிட்டுப் போயிருந்தார். முன்னரும் ஒருமுறை ளஃபாரைப் பார்த்தவர் அவர். தென்னையும் வெற்றிலையும் இந்தியாவை விட்டால் இங்குதான் உண்டு என்று அவற்றைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். கால்நடைக்கு மத்தி மீனைத் தீனியாகப் போடுவார்கள் என்றும், அந்த மீனாலும் பழங்களாலும் சந்தை ஈ மொய்த்து நாறியது என்றும் எழுதுகிறார். இந்தியாவிலிருந்து ஒரு கப்பல் வந்தால் சுல்தானின் ஆட்கள் சம்பானில் எதிர்கொண்டு போய், கப்பல் சொந்தக்காரருக்கும் நாகுதாவுக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் முழு ஆடை அணிவித்து, குதிரையேற்றி, மேளதாளத்தோடு அழைத்து வருவார்களாம். கப்பலில் வந்த அனைவருக்கும் மூன்று நாள் விருந்து. நெஞ்சில் இலக்கத் துண்டோடு பஸ்ஸுக்கு வரிசையில் நின்ற எனக்கு அந்தக் கிராணி மீது கொஞ்சம் பொறாமை வந்தது. அதே பக்கங்களில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. சந்தையில் விற்பவர்களில் அதிகமானோர் கறுப்பு உடுத்திய அடிமைப் பெண்கள். மேளத்தை நினைவில் வைத்திருக்கும் நாம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் சீனப் பீங்கான் துண்டுகளைப் பார்த்தேன். செங் ஹீயின் கப்பற் படை 1420களிலும் 1430களிலும் ளஃபாருக்கு வந்தது. பட்டும் பீங்கானும் கொடுத்துச் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் வாங்கிச் சென்றனர் என்று உடன்வந்த மா ஹுவான் எழுதியுள்ளார். அதே செங் ஹீயின் பெயரால் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட கல் 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதிற் பாரசீகப் பகுதிதான் மிகவும் சிதைந்துபோயிருக்கிறது.

சுற்றுலா பஸ்கள் நபி ஐயூப் (அலை) அவர்களுடையதெனச் சொல்லப்படும் மலைமேல் கப்ருக்குப் போகும். நான் பார்க்க விரும்பியது வேறொன்று. வாடகைக் கார் பிடித்தோம். ஓட்டுநர் கொடுங்கல்லூர்க்காரர். இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "சேரமான் பெருமாள் அல்லே?" என்று கேட்டு வண்டியைத் திருப்பினார்.

சந்திரன் பிளந்ததைக் கண்டு இஸ்லாத்தை ஏற்க அரபகம் சென்ற சேர மன்னர் திரும்பும் வழியில் இங்கே மரணித்தார் என்பது மலபாரின் நம்பிக்கை. நமது தமிழ் முஸ்லிம்களிடமும் அது பரவலானது. சிறிய அறை, பச்சைத் துணி போர்த்திய கப்ர். பாத்திஹா ஓதினோம். வெளியே வந்தபின் ஓட்டுநரோடு பேசினேன். பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் 1580களில் போர்த்துக்கேயரை எதிர்த்து எழுதிய 'துஹ்பதுல் முஜாஹிதீன்' நூலில் இந்தக் கப்ரைக் குறிப்பிடுகிறார். அது ளஃபாரில் இருப்பது பிரபலம் என்றும் சொல்கிறார். ஆனால் மன்னர் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவினார் என்று மக்கள் பேசுவதில் உண்மையில்லை, அது ஹிஜ்ரத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்திருக்கக்கூடும் என்று அதே இடத்தில் எழுதிவிடுகிறார். தம் சமூகத்தைப் போருக்குத் திரட்ட எழுதிய நூலில், அந்தச் சமூகம் மிகவும் விரும்பிய கதையை அவர் திருத்தினார். அவருக்கு அதனால் நட்டம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நூல் ஓதப்படுகிறது.

ஓட்டுநர் மௌனமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். துறைமுக வாயிலில் காசை எண்ணி வாங்கியபின், பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "இருநூறு வருஷம் பிந்தி வந்தாலும், வந்தாருதானே, இக்கா."